“படி” என்று சொன்னால் போதுமா?

ஜூன் மாதம் வந்தால் நம் கடலோரத்தில் இரண்டு திறப்புகள் நிகழ்கின்றன. ஒன்று பள்ளித் திறப்பு. மற்றொன்று கடல் திறப்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கரையில் கட்டுண்டு கிடக்கும் தடைக்காலம் முடியும் முன்னரே பள்ளி திறந்துவிடுகிறது. ஆண்டிலேயே வீட்டில் காசு மிகக் குறைந்த அந்த நாள்களில்தான், அரசு தருவன போக மீதிச் செலவுகளுக்குப் பிள்ளைகள் கைநீட்டி நிற்கின்றனர். தந்தை எங்கேனும் கடன்பட்டு மகனையோ மகளையோ புதிய உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கிறார். சேர்த்துவிட்டு வாயிலில் நின்று அவர் சொல்லும் அறிவுரை ஒரே சொல்: “படி.” இறைவணக்கக் கூட்டத்தில் தலைமையாசிரியர் சொல்வதும் அதுவே. ஞாயிறு மறையுரையில் பங்குத்தந்தை சொல்வதும் அதுவே. எல்லாரும் படி என்கிறோம். எப்படிப் படிப்பது என்று எவரும் சொல்வதில்லை.

தந்தையைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. சொல்வதற்கு அவரிடம் உள்ளது அந்த ஒரு சொல். அதை அவர் தம் உயிரின் ஆழத்திலிருந்து எடுத்துச் சொல்கிறார். குறைகூற வேண்டியது பள்ளிகளை. அதிலும், ஏழைகளின் பெயரால் நிலமும் நன்கொடையும் நற்பெயரும் பெற்று வளர்ந்த நம் கத்தோலிக்கப் பள்ளிகளை. கற்கும் முறையைக் கற்பிக்காமல் பாடத்தை மட்டும் ஒப்புவிக்கச் சொல்வது வெறும் கற்பித்தல் குறைபாடு அன்று. அது நீதிக்கு இழைக்கும் தவறு என்பதே என் வாதம். இது கடுமையாகத் தோன்றினால் வாசகர் பொறுத்தருள்க. மறுப்பவர் காரணத்தோடு மறுக்கட்டும்.

நம் கடலோரச் சிற்றூர்கள் பலவற்றில் இருப்பது தொடக்கப் பள்ளி, மிஞ்சினால் நடுநிலைப் பள்ளி. எட்டாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளை பாம்பனுக்கோ தங்கச்சிமடத்துக்கோ மண்டபத்துக்கோ தொண்டிக்கோ இராமநாதபுரத்துக்கோ பேருந்து ஏறுகிறது. அதுவரை தன்னையும் தன் வீட்டாரையும் பெயர் சொல்லி அறிந்த இரண்டு மூன்று ஆசிரியரிடம் கற்றது. இங்கே மணிக்கொரு முகம் மாறுகிறது. பாடங்கள் பெயரளவில் அதே ஐந்துதான். ஆனால் அறிவியல் என்ற ஒரே அட்டைக்குள் இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று மூன்று துறைகள் தத்தம் மொழியில் பேசத் தொடங்குகின்றன. சமூக அறிவியலுக்குள் வரலாறும் புவியியலும் குடிமையியலும் பொருளியலும் தனித்தனியே குடியிருக்கின்றன. பக்கங்கள் பெருகுகின்றன, வாக்கியங்கள் நீள்கின்றன, கலைச்சொற்கள் அடர்கின்றன. எட்டாம் வகுப்புவரை ஆசிரியரின் குரலைப் பற்றிக்கொண்டு நடந்த பிள்ளை, இனி ஒரு பக்கத்தைத் தனியே எதிர்கொள்ள வேண்டும். அதற்கான கருவி ஒன்றையும் நாம் அதன் கையில் கொடுத்து அனுப்பவில்லை.

“எங்கள் மாவட்டத் தேர்ச்சி விழுக்காட்டைப் பாருங்கள்” என்று உடனே எடுத்துக்காட்டுவார்கள். பார்ப்போம். 2024ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநிலத் தேர்ச்சி 91.55 விழுக்காடு, இராமநாதபுரம் மாவட்டம் 96.36 பெற்று மூன்றாம் இடத்தில் நின்றது. இதே மாவட்டத்தைத்தான் நடுவண் அரசு 2018இல், விருதுநகரோடு சேர்த்து, தமிழகத்தின் முன்னேற விழையும் மாவட்டங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. தேர்ச்சி விழுக்காடு பொய் என்று நான் சொல்லவில்லை. அதற்காக விடியுமுன் எழுந்து சிறப்பு வகுப்பு நடத்திய ஆசிரியர்களின் உழைப்பையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த எண் ஒன்றைச் சொல்வதில்லை: தேர்ச்சி பெற்றவர்களுள் எத்தனை பேரால் முன்பின் அறியாத ஒரு பக்கத்தைத் தாமே படித்துப் பொருள் கொள்ள முடியும்? 14 முதல் 18 அகவை வரையுள்ள கிராமப்புற இளையோரிடையே இந்தியாவின் பல மாவட்டங்களில் 2023இல் நடத்தப்பட்ட ‘அசர்’ ஆய்வில், ஏறத்தாழ நால்வரில் ஒருவரால் தாய்மொழியில் இரண்டாம் வகுப்புப் பத்தியைத் தடையின்றி வாசிக்க இயலவில்லை என்று தெரிந்தது. பள்ளியில் பெயர் இருக்கிறது, கையில் சான்றிதழும் வரும், வாசிப்பு இல்லை.

விழுக்காட்டுக்கு இன்னொரு விலையும் உண்டு. பத்தாம் வகுப்பின் பெயரைக் காப்பாற்ற ஒன்பதாம் வகுப்பிலேயே ‘வடிகட்டும்’ வழக்கத்தை ஆசிரியர் அறைகள் நன்கு அறியும். பெற்றோரை அழைத்து, “இவனுக்குப் படிப்பு ஏறவில்லை, வேறு ஏதாவது பாருங்கள்” என்று மென்மையாகச் சொல்லி மாற்றுச் சான்றிதழை நீட்டும் வழக்கம் அது. நம் பள்ளிகள் அனைத்தும் இதில் கைகழுவியவை என்று என்னால் சொல்ல இயலாது. கைகழுவுதல் என்ற சொல் பிலாத்துவை நினைவூட்டினால், அது தற்செயல் அன்று.

நீதிக்கு இழைக்கும் தவறு என்றேன். விளக்குகிறேன். வங்கி அலுவலர் வீட்டுப் பிள்ளை மாலையில் வீடு திரும்புகிறது. “இன்று என்ன நடத்தினார்கள்?” என்று தாய் கேட்கிறாள். பிள்ளை சொல்லத் தொடங்கி, பாதியில் தடுமாறி, புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து மீண்டும் சொல்கிறது. “புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்” என்கிறார் தந்தை. “இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? அகராதியை எடு” என்கிறார் பாட்டனார். கற்பிக்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல் அவர்கள் கற்கும் முறை முழுவதையும் கற்பித்துவிடுகின்றனர். நிலத்தையும் நகையையும்போல அதுவும் ஒரு பரம்பரைச் சொத்து; பத்திரப் பதிவு இல்லாமல் கைமாறுவது ஒன்றே வேறுபாடு. மீனவர் வீட்டில் புத்தகத்தின்மேல் மதிப்பு குறைவு என்று எவரும் எண்ண வேண்டாம். அங்கே மதிப்பு மிகுதி. பிள்ளை மடியில் புத்தகம் விரிந்திருந்தாலே படிப்பு நடக்கிறது என்று நம்பித் தாய் குரலைத் தாழ்த்திப் பேசுகிறாள். அந்த நம்பிக்கையைத்தான் நாம் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம். சில வீடுகளில் மட்டும் உள்ள ஒன்றை எல்லா வீடுகளிலும் இருப்பதாகப் பாவித்து நடத்தப்படும் பள்ளி, இருப்பவருக்கே மேலும் கொடுக்கிறது. பொருளில் வறியோர், குடும்பத்தின் துணை வாய்க்காதோர் ஆகியோரின் தேவைகளைத் தனிக் கரிசனையோடு நோக்குமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி அறிக்கை நம் பள்ளிகளுக்குச் சொல்லியிருக்கிறது. துணை என்பது கட்டணச் சலுகை மட்டும்தானா?

திருத்தூதர் பணிகள் நூலின் எட்டாம் அதிகாரத்தில், தேரில் அமர்ந்து எசாயாவின் ஏட்டை உரக்க வாசித்துச் செல்லும் எத்தியோப்பிய அலுவலர் ஒருவர் வருகிறார். எழுத்தறிவு உண்டு, ஏடும் உண்டு, ஆர்வமும் உண்டு. பொருள் விளங்குகிறதா என்று பிலிப்பு வினவியபோது, வழிகாட்டுவார் இல்லாமல் எப்படி விளங்கும் என்று அவர் மறுமொழி தருகிறார். பிலிப்பு “நன்றாக வாசியும்” என்று வாழ்த்திவிட்டு ஒதுங்கவில்லை. தேரில் ஏறி, அருகில் அமர்ந்து, அவர் வாசித்துக்கொண்டிருந்த அதே பகுதியிலிருந்து தொடங்கினார். கற்கும் முறையைக் கற்பித்தல் பற்றி இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் அறியேன்.

கல்வி நூல்கள் வேண்டாம்; கடலையே பார்ப்போம். மகனை முதன்முறை கடலுக்கு அழைத்துச் செல்லும் தந்தை, “மீன் பிடி” என்று சொல்லிவிட்டுப் படகின் மறுகோடியில் படுத்துக்கொள்கிறாரா? வலைக்கண்ணின் அளவைக் காட்டுகிறார். முடிச்சைத் தாம் ஒருமுறை போட்டு அவிழ்த்து, அவனைப் போடச் சொல்கிறார். கச்சான் காற்றுக்கும் வாடைக்கும் நீர் எப்படி மாறும் என்பதை மேனியில் உணரவைக்கிறார். கோபுரத்தையும் கரையிலுள்ள வேறோர் அடையாளத்தையும் ஒரே நேர்கோட்டில் வைத்து இடம் அறியும் வித்தையைச் சொல்லித் தருகிறார். திரும்பும் வழியில், “இப்போது எங்கே இருக்கிறோம், சொல்” என்று கேட்கிறார். தவறாகச் சொன்னால் திருத்துகிறார். மறுநாள் மீண்டும் கேட்கிறார். ஒருமுறை காட்டுதல், செய்யவைத்தல், மறைத்துவைத்துக் கேட்டல், நாள் விட்டு மீண்டும் கேட்டல். எழுதப் படிக்க அறியாத ஒருவர் கடலில் இயல்பாகச் செய்வதை, பட்டமும் பயிற்சியும் பெற்ற நாம் வகுப்பறையில் செய்வதில்லை.

செய்கிறோம் என்று சிலர் சொல்வார்கள். ‘படிக்கும் கலை’ என்ற பெயரில் ஆண்டுக்கொரு நாள் முகாம் நடத்துகிறோமே என்பார்கள். வெளியூரிலிருந்து பேச்சாளர் வருகிறார். கைதட்டச் சொல்கிறார், கண்ணை மூடி வெற்றியைக் கற்பனை செய்யச் சொல்கிறார், இருபது பொருள்களின் பெயரைத் தலைகீழாக ஒப்புவித்து வியப்பூட்டுகிறார். பிறகு தவறாமல் அப்துல் கலாம் வருகிறார். இத்தீவில் 1931இல் பிறந்து, நாளிதழ் விநியோகித்து, எண்ணெய் விளக்கில் படித்துக் குடியரசுத் தலைவரான வரலாறு நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட வேண்டியதே. ஆனால் எதைச் சொல்கிறோம்? கனவையும் வறுமையையும் சொல்கிறோம். நடுவில் இருந்த மனிதர்களை விட்டுவிடுகிறோம். பறவை எப்படிப் பறக்கிறது என்பது வகுப்பில் விளங்காதபோது மாணவரைக் கடற்கரைக்கே அழைத்துச் சென்று காட்டிய சிவசுப்பிரமணிய ஐயர் இருந்தார். விடியுமுன் இலவசமாகக் கணிதம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். இராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் அய்யாதுரை சாலமோன் இருந்தார். தீவிலேயே ஆங்கிலம் எழுதத் தெரிந்த ஒரே மனிதர் என்று கலாம் தம் தன்வரலாற்றில் குறிக்கும் ஜலாலுதீன், உறவினராகவும் நண்பராகவும் அருகிலேயே இருந்தார். கனவு ஒருவருடையது, கைப்பிடித்து நடத்தியவர் பலர். கைகளை மறைத்துவிட்டுக் கனவை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டினால், தோற்கும் பிள்ளை தன் கனவில்தான் குறை என்று எண்ணிக்கொள்ளும்.

“மனப்பாடம்தானே நம் மரபு? அதைக் குறைகூறலாமா?” என்று கேட்கும் தமிழாசிரியர்கள் உண்டு. மரபைப் பேசுவோர் மரபைப் படிக்கவும் வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் யாத்த நன்னூலின் பாயிரம், இலக்கணத்தைத் தொடங்குமுன் ஆசிரியன் யார், மாணாக்கன் யார், கொடுப்பது எப்படி, கொள்வது எப்படி என்று வரையறுக்கிறது. உயர்நிலைப் பள்ளிக்கு வரும் மாணவனுக்கு முதல் நாள் சொல்ல வேண்டியதை அவர் நூலின் வாயிலிலேயே வைத்தார். கேட்டதை மீண்டும் நினைத்தல், உடன் பயில்வோரோடு பழகுதல், வினவுதல், வினாவுக்கு விடை தருதல் என்று வழிகளைச் சொல்கிறார். அதற்கு மேலும் ஒரு கணக்குச் சொல்கிறார்: ஆசிரியர் சொன்னதை முழுமையாக வாங்கிக்கொண்டாலும் புலமையில் கால் பங்குதான் வரும், உடன் பயில்வோரோடு பழகுவதால் ஒரு கால், எஞ்சிய அரைப் பங்கு பிறருக்குத் தானே எடுத்துரைக்கும்போது வரும். நம் வகுப்பறைகளில் பேசுவது யார்? ஆசிரியர். எடுத்துரைப்பது யார்? அவரே. ஆகவே அந்த அரைப் பங்கும் அவருக்கே போய்ச் சேருகிறது. ஆண்டுக்காண்டு ஆசிரியரின் புலமை வளர்வதில் வியப்பில்லை!

மாணவரை அன்னம் முதலாக எட்டுப் பொருள்களுக்கு ஒப்பிடும் அதே பாயிரம், கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் கிளியைத் தலைமாணாக்கர் வரிசையில் வைக்கவில்லை. இடைப்பட்டவர் வரிசையில்தான் வைத்தது. நாமோ கிளிக்கு நூற்றுக்கு நூறு வழங்கிப் பதாகை கட்டுகிறோம். கடைநிலையில் அவர் வைத்த நான்கனுள் ஒன்று நெய்யரி. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துவைத்துக்கொள்ளும் வடிகட்டி அது. பிள்ளைகளை வடிகட்டும் பள்ளிகள் இந்த உவமையைத் தம்மேல் பொருத்திப் பார்ப்பது நல்லது.

நம் திருச்சபை மரபும் இதற்கு மாறானதன்று. முத்துக்குளித்துறைக் கடற்கரையில் 1542 முதல் பணியாற்றிய புனித பிரான்சிஸ் சவேரியார், மணியடித்துச் சிறுவரைக் கூட்டிச் செபங்களை மனப்பாடம் செய்வித்தார் என்பது அனைவரும் அறிந்ததே. அவர்தம் மடல்கள் சொல்லும் மறுபாதியை நாம் மறந்தோம்: கற்றதை வீட்டுக்குப் போய்த் தாய் தந்தையர்க்கும் அண்டை அயலாருக்கும் கற்பிக்குமாறு அச்சிறுவரையே பணித்தார். நன்னூல் சொன்ன அரைப் பங்கு அங்கே இருந்தது. 1599இல் இயேசு சபையார் வகுத்த கல்வித் திட்டமோ இதை ஒழுங்குமுறையாகவே ஆக்கியது. படிக்கப் போகும் பகுதியை ஆசிரியர் முதலில் திறந்து காட்டுவார். முடிந்ததும் அப்போதே மீள்சொல்லல். மறுநாள் காலை மீள்சொல்லல். சனிக்கிழமை அந்த வாரம் முழுவதற்கும் மீள்சொல்லல். பத்துப் பத்துப் பேராகப் பிரிந்த குழுவுக்கு ஒரு மாணவத் தலைவன் இருந்து மற்றவர் ஒப்புவிப்பதைக் கேட்பான். ஓரியூரில் 1693இல் குருதி சிந்திய அருளானந்தர் கற்றது அச்சபையின் பள்ளியில்தான். அவருடைய திருத்தலத்துக்கு ஆண்டுதோறும் நடந்து செல்கிறோம். அவரை உருவாக்கிய கல்வி முறையை மட்டும் வழியில் எங்கோ இறக்கிவைத்துவிட்டோம்.

அறிவியல் ஆய்வும் இப்போது இதையே சொல்கிறது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர் மாணவரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தனர். மற்றவர் ஒருமுறை படித்துவிட்டு, தாளை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர் சற்று முன்னே நின்றனர். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: அவர்களுக்கு நினைவிருந்தது 42 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. அந்த முதல் ஐந்து நிமிடமே நம்மை ஏமாற்றும் நிமிடம். படித்த உடனே எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றுகிறது. பிள்ளையும் நம்புகிறது, ஆசிரியரும் நம்புகிறார். 2013இல் டன்லாஸ்கியும் உடன் ஆய்வாளரும் கற்கும் உத்திகள் பத்தை எடுத்து ஆராய்ந்தனர். தன்னைத்தானே சோதித்தலும், இடைவெளி விட்டு மீண்டும் படித்தலும் உயர்ந்த பயன் தருவன என்றனர். திரும்பத் திரும்ப வாசித்தல், வரிகளுக்கு அடிக்கோடிடுதல், முகாம் பேச்சாளர்கள் விரும்பும் குறிச்சொல் உத்தி ஆகியவை குறைந்த பயனே தருவன என்றனர். நம் விடுதிகளின் இரவுப் படிப்பு வேளையில் நடப்பவற்றைப் பட்டியலிட்டால் இந்தக் கடைசி வரிசையோடு பெரிதும் பொருந்தும்.

அப்படியானால் வகுப்பில் என்ன செய்வது? தனிப் பாடவேளை வேண்டாம்; தனிப் புத்தகம் அறவே வேண்டாம். ஒன்பதாம் வகுப்புப் புவியியலில் நீர்க்கோளம் பற்றிய பாடம் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் புத்தகத்தைத் திறக்கச் சொல்கிறார்; ஆனால் வாசிக்கத் தொடங்கவில்லை. தலைப்புகளை மட்டும் பார்க்கச் சொல்கிறார். ஓதங்கள் என்று ஒரு துணைத்தலைப்பு. “இதை ஒரு கேள்வியாக மாற்று” என்கிறார். ஓதம் ஏன் உண்டாகிறது என்று ஒரு பிள்ளை கேட்கிறது. ஊரில் ஏற்றம், வற்றம் என்று நாள்தோறும் கேட்கும் செய்திதான் இங்கே உயர் ஓதம், தாழ் ஓதம் என்று சட்டை மாற்றி வந்திருக்கிறது என்பதைக் கடலோரப் பிள்ளை கண்டுகொள்ள ஒரு நிமிடம் போதும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நீர் எப்படி ஏறும் என்று கேட்டால் பாசி எடுக்கப் போகும் தாயின் மகள் ஆசிரியரைவிட நன்றாகச் சொல்வாள். இப்போது ஒரு பத்தியை மட்டும் மௌனமாக வாசிக்கச் சொல்ல வேண்டும். புத்தகத்தை மூடச் சொல்ல வேண்டும். பக்கத்துப் பிள்ளைக்குத் தன் சொற்களில் சொல்லச் சொல்ல வேண்டும். பிறகு திறந்து, விட்டுப்போனது எது என்று பார்க்கச் சொல்ல வேண்டும். விட்டுப்போன அந்த இடமே அன்றைய வீட்டுப் பாடம். மறுநாள் காலை வெற்றுத்தாளில் ஐந்து நிமிடம். மதிப்பெண் இல்லை, திட்டும் இல்லை. சனிக்கிழமை மீண்டும் ஒருமுறை. ஆறு வாரம் எல்லா ஆசிரியரும் இவ்வாறு செய்தால், ஏழாம் வாரம் பிள்ளை தானே செய்யத் தொடங்கும். அப்போது ஆசிரியர் சற்றுப் பின்வாங்கலாம். படகில் துடுப்பை மகனிடம் விட்டுவிட்டுத் தந்தை பின்னால் அமர்வதுபோல.

அகராதி பற்றி ஒரு சொல். செய்யுள் வடிவ நிகண்டுகளை மனப்பாடம் செய்தே சொற்பொருள் அறிந்த காலத்தில், 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தந்தார். அகர வரிசையில் எவரும் சொல்லைத் தேடி எடுக்கலாம் என்பது ஒரு விடுதலை. புலவர் வீட்டுத் திண்ணைக்குப் போகாமலே ஏழைக்கும் பொருள் கிடைக்கும் என்பது அதன் உட்பொருள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் ஓர் அகராதியைக் கொடுத்து ‘கௌதாரி’ முன்னே வருமா, ‘கொற்கை’ முன்னே வருமா என்று கேட்டுப் பாருங்கள். முனிவரின் படத்துக்கு மாலை போடும் நம் பள்ளிகளில், அவர் தந்த கருவியைப் பயன்படுத்தத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பது விளங்கும்.

கால அட்டவணை என்றொரு வேடிக்கையும் உண்டு. அதிகாலை ஐந்து மணிக்கு எழு, காற்றோட்டமான தனி அறையில் மேசைமுன் அமர் என்று அச்சடித்த தாளைக் கொடுக்கிறோம். தனி அறை எங்கே இருக்கிறது? அதிகாலையில் படகு கரை சேரும் வீட்டில் அந்த நேரம்தான் மிகுந்த வேலை நேரம். மீன் ஏலத்துக்குத் தாய் போய்விட்டால் தம்பி தங்கையரைக் கிளப்புவது மூத்த பெண்ணே. எல்லை தாண்டியதாகத் தந்தை கைதாகி இலங்கைச் சிறையில் இருக்கும் வீடுகளில் அட்டவணையைப் பற்றிப் பேசுவதே கொடுமை. அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் அமைதியான நேரம் பள்ளியின் கடைசிப் பாடவேளையும், ஊரிலுள்ள பங்கு மன்றத்தின் மாலை நேரமும்தான். கடைசிப் பாடவேளையைச் சிறப்புத் தேர்வுக்குக் கொடுத்துவிட்டோம். மன்றமோ திருமண வரவேற்புக்கு மட்டும் திறக்கிறது. மற்ற நாள்களில் சாவி யாரிடம் என்று கேட்டால் மூன்று பேரைக் காட்டுகிறார்கள்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். “பாடப்பகுதி முடியாது” என்பது முதலாவது. முடிந்த பாடப்பகுதியில் பிள்ளையின் தலைக்குள் போனது எவ்வளவு என்று கேட்டால் அவ்வாதம் அங்கேயே நின்றுவிடும். “எழுத்துக்கூட்டவே வராதவர்களுக்கு இதெல்லாம் எதற்கு?” என்பது இரண்டாவது, இதில் உண்மை உண்டு. 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளில் அடிப்படைத் திறன் குன்றிய மாணவர்க்காகத் தமிழக அரசு 2025இல் ‘திறன்’ என்ற திட்டத்தைத் தொடங்கியதும் அதனால்தான். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கு முதலில் வாசிப்பு வேண்டும், ஐயமில்லை. ஆனால் அருகில் இருப்பவர் எடுத்துச் சொல்லக் கேட்பதற்கும், கேட்டதை மீண்டும் சொல்வதற்கும் அவன் எழுத்துக்கூட்டி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாய்மொழியில் தேர்ந்த சமூகத்துப் பிள்ளைக்கு நுழைவாயிலே அதுதான்.

மூன்றாவதை எவரும் மேடையில் சொல்வதில்லை. ஆசிரியர் அறையில் தேநீரோடு சொல்கிறார்கள். “கடல்புறத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது, சார்.” நானும் கேட்டிருக்கிறேன், சிலுவை தொங்கும் சுவருக்குக் கீழேயே கேட்டிருக்கிறேன். வலையின் கண்ணையும் கயிற்றின் நீளத்தையும் காற்றின் போக்கையும் ஒரே நேரத்தில் மனத்தில் கணக்கிடும் சிறுவனுக்கு, ஏலத்தில் விலை ஏறும் வேகத்தில் பங்கு பிரித்துச் சொல்லும் தாயின் மகளுக்கு, ஏறாதது எது? ஏற்றும் வழியை அறியாதவர்கள் ஏறவில்லை என்று பிள்ளையின்மேல் பழிபோடுகிறார்கள். மருந்தைக் கொடுக்காமலே நோயாளிக்கு மருந்து பிடிக்கவில்லை என்று சீட்டு எழுதும் மருத்துவரை நாம் என்னவென்று அழைப்போம்?

ஆசிரியருக்கே இது கற்பிக்கப்படவில்லை என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். பயிற்சிக் கல்லூரியில் பாடத்திட்டக் குறிப்பு எழுதக் கற்றுத் தருகிறார்கள். ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை தனியே ஒரு பக்கத்தோடு போராடும்போது அதன் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கூர்ந்து பார்க்கும் பயிற்சி அரிது. ஆகவே இதை ஆசிரியர் ஒருவரின் நல்ல மனத்துக்கு விட்டுவிட இயலாது. மறைமாவட்டக் கல்வி அலுவலகங்களும் துறவற சபைகளின் கல்விக் குழுக்களும் மே மாதத்தில் இரண்டு நாள் ஒதுக்கினால் போதும். ஐந்து பாட ஆசிரியரும் ஒன்றாக அமர்ந்து, ஒன்பதாம் வகுப்பின் முதல் ஆறு வாரத்துக்கு யார், எந்தப் பாடத்தில், எதைச் செய்து காட்டுவது என்று தாளில் எழுதட்டும். வெளியூர்ப் பேச்சாளருக்குக் கொடுக்கும் பணம் மிச்சமாகும். அதில் வகுப்புக்குப் பத்து அகராதி வாங்கலாம்.

அந்தத் தாளைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். தடைக்காலத்தின் கடைசி வாரத்தில் தந்தையர் எல்லாரும் கரையில்தான் இருக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு அழைத்தால் வருவார்கள். அவர்கள் முன்னிலையில் அதைப் படித்துக் காட்டட்டும். ஆறு வாரம் கழித்து அவர்களுள் ஒருவர் எழுந்து, எழுதியதைச் செய்தீர்களா என்று கேட்டால், தலைமையாசிரியர் அமர்ந்து பதில் சொல்லட்டும்.